வியாழக்கிழமைப் புகை

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நாடு எனக்கு அநியாயம் செய்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு.

நேற்று எல்லைக் கேட்டில் என் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய எஞ்சின் வைத்த வெளிநாட்டு லாரி எதுவும் இனி உங்கள் மலைச்சாலையில் வரக் கூடாதாம். காற்று கெடுகிறதாம். புகை கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, கேட்டை ஒட்டிய குவாரியிலிருந்து உங்கள் ஊர் ஜல்லி லாரி ஒன்று வெளியே வந்தது. என் லாரி மகாராணிக்கு அக்கா முறை ஆகும், அவ்வளவு பழசு. கரேலென்று புகை விட்டுக்கொண்டு அதே சாலையில் ஏறிப் போனது. அதிகாரியிடம் காட்டினேன்.

"அது எங்க ஊர் வண்டி, பெரியவரே" என்றான்.

"அப்போ அதோட புகை மட்டும் சாம்பிராணியா?"

"பின்னாடி வண்டி நிக்குது. எடுங்க."

எடுத்தேன். டைல்ஸ் பாரம் முழுவதையும் எல்லைக் கிடங்கில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வீடு திரும்பினேன்.

இரண்டு நாடும் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையில் சாலை இருவருக்கும் பொது என்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தை முடிக்காதவன்தான். ஆனால் அந்த உடன்படிக்கையை அகராதியை வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறேன். நான் இதை விடப் போவதில்லை.

வியாழக்கிழமை உன் டீ இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. நீ மாடியிலிருந்து கூடையில் டம்ளரை இறக்குவாய், நான் லாரிப் படியில் நின்றபடி குடிப்பேன். மேலே வா, மேலே வா என்று கூப்பிடுவாய். எப்படி வருவது? எஞ்சினை அணைத்தால் அது பார்க்கிங், அபராதம். ஓடிக்கொண்டிருந்தால் போகிற வண்டி என்று உங்கள் தெருக் காவலர் கண்டுகொள்ள மாட்டார். அந்த மட்டிலாவது உங்கள் சட்டம் எனக்கு உதவியது.

ஒன்று விசாரித்துச் சொல். உங்கள் ஊரில் மூன்று வீடுகளில் பெட்டி மாட்டிப் புகையை அளந்தார்களாம். உங்கள் தெருப் பெட்டிதான் மிக மோசமாகக் காட்டியதாம். அதைக் காரணம் காட்டித்தான் தடை. அந்தப் பெட்டிக்கு இடம் கொடுத்த புண்ணியவான் யார்? போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, என் கோபத்தைப் போல அப்படியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு உறை தைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இறுக்கித்தான் கட்டுவார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. டாக்டர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பருத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அளவெல்லாம் மாற்றித் தரச் சொல்கிறார்கள். பொத்தான் கிடைப்பதுதான் பாடு. ஆனால் இந்த மாதம் ஒரு கோட்டுகூடக் கறை என்று திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை பழக்க தோஷத்தில் ஒரு டம்ளர் டீ கூடுதலாகப் போட்டுவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை சலூனிலிருந்து ஏறி வந்து இரண்டையும் குடித்துவிட்டு, "மச்சான் வராததுல நமக்கு இப்படி ஒரு லாபமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்டதை விசாரிக்கிறேன். குளிரில் யாரும் தெருவுக்கே வருவதில்லை. நீங்கள் மப்ளர் இல்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டாம்.

உங்கள் தங்கை

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உறை வந்தது. உன் அண்ணி இறுக்கித்தான் கட்டினாள்.

நான் பெட்டியைக் கேட்டேன், நீ பொத்தானைப் பற்றி எழுதுகிறாய்.

லாரி உரிமையாளர் சங்கத்தில் மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தலைவருக்கு ஒரு வரி எழுதினால் கை வலிக்கும், பேசினால் மட்டும் வாய் வலிக்காது. உடன்படிக்கையில் நான் கண்டுபிடித்த இடம் இதுதான்: ஒரு நாடு காற்றையும் தண்ணீரையும் காப்பாற்றத் தன் சாலையில் கட்டுப்பாடு வைக்கலாம். வைக்கட்டும். ஆனால் அது சொந்த வண்டிக்கு ஒன்று, அடுத்தவன் வண்டிக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. உன் ஊர் செய்திருப்பது அதைத்தான். காற்றின் பெயரைச் சொல்லி உள்ளூர் லாரிக்காரனுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காற்று மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் அந்த ஜல்லி லாரிதான் நின்றிருக்க வேண்டும்.

இரு நாட்டுக் கூட்டு ஆணையம் மனுவை எடுத்துக்கொண்டது. மே மாதம் எல்லைக் கட்டடத்தில் விசாரணை. அளந்த விவரம் முழுவதையும் சபையில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்போது பெட்டி யார் வீட்டில் இருந்தது என்பதும் வெளியே வரும். அதற்கு முன்னால் உன் வாயால் தெரிந்தால் எனக்கு வசதி.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. மறுபதில் உடனே.

அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோட்டு வேலை.

எல்லோரும் சுகம். நீங்கள் சொன்னது உண்மைதான், ஜல்லி லாரிகள் முன்பு போலவே போகின்றன. காலையில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக ஏறும். அந்த நேரம் மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பிறகு திறந்து வைக்கிறேன். சமையலறை ஜன்னலிலிருந்து எதிர் மலை தெரிகிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் அங்கே ஒரு மஞ்சள் வீடு இருப்பது எனக்குத் தெரியாது.

மனு எழுதுகிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 9

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கைக்குத் தெரியாமல், சலூனில் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காகிதத்தில் முடி ஒட்டியிருந்தால் அது என்னுடையது இல்லை. என் தலை உங்களுக்குத் தெரியும்.

அந்தப் புண்ணியவான் நாங்கள்தான் மச்சான். பெட்டி எங்கள் பால்கனியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு தடவையாவது மாடிக்கு ஏறி வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். சம்மதக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

அவள் எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். போன வருஷம் முழுவதும் அவளுக்கு இருமல். படுத்தால் மூச்சு வாங்கும். டாக்டர் உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார். தைத்த வெள்ளைக் கோட்டில் கறுப்புப் பொட்டு விழுந்து கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. இப்போது இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பார்க்க ஒரு பெண் வருவாள். வந்த புதிதில் ஒரு நாள், "அக்கா, வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க என்ன நடக்குது? மத்த நாளை விட மூணு மடங்கு ஏறுது" என்று கேட்டாள். உங்கள் தங்கை யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்கு விருந்தாளி வருவாங்க" என்றாள்.

யார் அந்த விருந்தாளி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீ குடிக்கிற நேரம் முழுக்க மகாராணியின் புகைக்குழாய் நேராக எங்கள் பால்கனியைப் பார்த்துத்தான் நிற்கும்.

உங்களுக்குக் கோபம் வந்தால் என் மேல் காட்டுங்கள். எனக்குப் பழக்கம், அவள் தினமும் காட்டுகிறாள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். இங்கே வெயில் ஏறுகிறது.

விசாரணைக்கு வேண்டிய காகிதங்கள் தயார். மகாராணியை எல்லைக் கிடங்கு வரைக்கும் மட்டும் ஓட்டுகிறேன்.

ராத்திரி நன்றாகத் தூங்குகிறாயா? சமையலறை ஜன்னலைத் திறந்தே வை.

அண்ணன்

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் ஒரு பக்கத்துக்குக் குறைவாக எழுதி நான் பார்த்ததே இல்லை. திட்டு ஒன்றுகூட இல்லை. உங்கள் மாப்பிள்ளை முன்னால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ன எழுதித் தொலைச்சீங்க?" என்று கேட்டேன். "முடி வெட்டிக்க ஆள் வந்திருக்கு" என்று கீழே இறங்கிவிட்டார். கீழே ஆளே இல்லை.

ஆமாம், நான்தான் கையெழுத்துப் போட்டேன். பெட்டி மாட்ட இடம் கேட்டு வந்தார்கள். மூச்சு வாங்குகிறவள் வேறு என்ன செய்வாள்? தடை வரும் என்று நினைக்கவில்லை. வந்தாலும் வெளிநாட்டு வண்டிக்கு மட்டும் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. உங்களிடம் சொல்லாதது தப்பு. கையெழுத்துப் போட்டது தப்பில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பெட்டி அவ்வளவு காட்டியதற்கு நம் டீயும் ஒரு காரணம் என்று எனக்கு முதலிலேயே தெரியும். ஒவ்வொரு வாரமும் கூடையை இறக்கும்போது, அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். சொன்னால் அபராதத்துக்குப் பயந்து நிற்காமலே போய்விடுவீர்கள். ஏழு நாளில் உங்களைப் பார்ப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெட்டி காட்டியது சாலைப் புகை இல்லை, ஒரு வீட்டு விருந்தாளியின் புகை என்று விசாரணையில் சொன்னால் தடை போய்விடும். உங்களுக்கு வேண்டுமென்றால் நானே வந்து சொல்கிறேன். லாரி உங்கள் சாப்பாடு. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன், பழகியதுதான்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை

ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் தேவலை. இப்போது உறை இல்லாமல் நடக்க மாட்டேன் என்கிறாள்.

அநியாயம் ஒன்று என்று நினைத்திருந்தேன், இரண்டாகிவிட்டது. கேட் அதிகாரி செய்தது ஒன்று, நீ செய்தது ஒன்று. கையெழுத்தைச் சொல்லவில்லை. உன் மூச்சு, உன் பால்கனி, உன் கையெழுத்து. அதைக் கேட்க நான் யார்? ஆனால் இருமிக்கொண்டே எனக்கு டீ இறக்கியிருக்கிறாய். நான் கீழே நின்று சர்க்கரை குறைவு என்று சொல்லியிருக்கிறேன். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சங்கத் தலைவரிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தார். "அடிச்சதய்யா யோகம்! பெட்டியே செல்லாதுன்னு ஆயிடும். எல்லா வண்டியும் நாளைக்கே போகும்" என்றார்.

"என் தங்கச்சி மூச்சு?" என்றேன்.

"அது குடும்ப விஷயம், இது சங்க விஷயம்."

"என் வாய் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டுக்கும் ரெண்டு பேச்சு பேச வராது" என்றேன். அன்று முதல் அவர் என் டீக்குக் காசு கொடுப்பதில்லை.

நீ வர வேண்டாம். என் புகையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். மறைக்க மாட்டேன், மறைத்தால் என் மனுவே பொய். அதற்காகச் சாலையை எல்லாப் புகைக்கும் திறந்துவிடு என்றும் கேட்க மாட்டேன். என் வழக்கு முதல் நாள் என்னவோ அதுதான் இன்றும்: ஒரே புகைக்கு ஒரே சட்டம்.

மருந்தை உறிஞ்சு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மே 22

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீளமான மேசை. நடுவில் தலைமை தாங்கிய அம்மாள். ஒரு பக்கம் உங்கள் நாட்டு அதிகாரிகளும் பெட்டிக்காரப் பெண்ணும், இன்னொரு பக்கம் நாங்கள். தலைவர் எழுந்து, "அந்தப் பெட்டி மேலயே எங்களுக்குச் சந்தேகம் இருக்கு" என்று ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"சந்தேகம் எதுக்கு? வியாழக்கிழமைப் புகை என்னோடது" என்றேன்.

அந்த அம்மாள், "எஞ்சினை ஏன் ஓட விட்டீங்க?" என்று கேட்டார்.

"அணைச்சா அபராதம்மா. ஓடினா ஒண்ணுமில்ல. இங்க நான் மீறாத சட்டம் அது ஒண்ணுதான்."

பெட்டிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த விருந்தாளி நீங்கதானா? எந்த வீட்டு விருந்துல இவ்வளவு புகை வரும்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"என் வியாழக்கிழமைகளைக் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் கணக்குப் பார்த்தாள். கழித்தால் உங்கள் தெரு மற்ற இரண்டு இடத்துக்குச் சமமாக வருமாம். தலைவர் என் தொடையைத் தட்டினார், ஜெயித்துவிட்டோம் என்று.

"சமம்னா நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுதாங்க. மூணு இடமும் மோசம்தான்."

"தடை வந்த பிறகு?"

"வியாழக்கிழமை சுத்தமாயிடுச்சு. மத்த நாள்லயும் குறைஞ்சிருக்கு. காலையில மட்டும் ஒரு மாத்தமும் இல்ல."

"காலையில அந்தச் சாலையில போறது யாரோட வண்டி?"

உங்கள் அதிகாரி மேலே மின்விசிறியைப் பார்த்தார். அந்தப் பெண்தான் சொன்னாள். "ஜல்லி லாரிங்க. எங்க ஊர் வண்டி."

நான் உட்காரவில்லை. "அம்மா, நீங்க தடுக்க வேண்டியது புகையை. தடுத்திருக்கிறது நம்பர் பிளேட்டை. கேட்ல புகைக்குழாயில கருவி வெச்சுப் பாருங்க. சுத்தமா இருந்தா யார் வண்டியும் போகட்டும். இல்லேன்னா யார் வண்டியும் வேணாம்."

"உங்க வண்டி தேறுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தேறாது."

தலைவர் என் காலை மிதித்தார். அந்த அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார். தீர்ப்பு அடுத்த மாதம்.

வெளியே வந்ததும் தலைவர், "உமக்காகவா வாதாடினீர், யாருக்காக வாதாடினீர்?" என்று கேட்டார். எனக்காகத்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

மாப்பிள்ளையிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். உன் இருமல் எப்படி?

அண்ணன்

ஜூன் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். இருமல் காலையில் மட்டும். உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

தீர்ப்பு இங்கேயும் வந்துவிட்டது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து எந்த நாட்டு லாரியானாலும் கேட்டில் புகைச் சோதனை. ஜல்லி லாரியும் தப்பவில்லை. சலூன் முழுக்க இதே பேச்சுதான். ஜல்லி ஓட்டுகிறவர் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு, "உங்க மச்சான் எங்க வயித்துல அடிச்சுட்டாருய்யா" என்று கத்தினாராம். உங்கள் மாப்பிள்ளை கத்தியைத் தீட்டிக்கொண்டே, "முதல்ல தன் வயித்துல அடிச்சுக்கிட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்காரு. கழுத்தை ஆட்டாதீங்க" என்றாராம். அந்த ஆள் பிறகு சத்தம் போடவில்லை. கத்தியைப் பார்த்தா, பதிலைக் கேட்டா என்று தெரியவில்லை.

மகாராணிக்கு என்ன வழி? எஞ்சின் மாற்ற முடியாதா? பஸ்ஸில் வந்து எங்களோடு நாலு நாள் இருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உங்கள் தங்கை

ஜூலை 5

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் அண்ணி பஸ்ஸுக்குப் பை கட்டிவிட்டாள். இந்த மாதக் கடைசியில் வருகிறோம்.

ஜெயித்தேன். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். மெக்கானிக் மகாராணியின் புகைக்குழாயில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இது தேறாதுங்க. முழு எஞ்சினையும் மாத்தணும்" என்றான். அதனால் ஜெயிக்கவில்லை என்று ஆகாது. சங்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் தேறும், அவை ஆகஸ்டிலேயே உங்கள் மலையில் ஏறலாம். தலைவரின் வண்டியும் தேறியது. இப்போது மறுபடி என் டீக்குக் காசு கொடுக்கிறார். மகாராணி எல்லைக் கிடங்கு வரைக்கும் பாரம் கொண்டுபோகும், வரும். எங்களுக்கு அது போதும். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

ஆனால் தீர்ப்பு வந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. ஆளாளுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆணையத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், உனக்கும் எழுதுகிறேன்.

கேட் அதிகாரிகள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் புகையைப் பார்க்க வேண்டும். எல்லோர் கண் முன்னாலும் பார்க்க வேண்டும். கருவி கெட்டுப்போனால் இரண்டு பக்கத்து வண்டிகளும் காத்திருக்க வேண்டும், எங்கள் பக்கம் மட்டும் அல்ல.

உங்கள் தெருக் காவலர் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறவனுக்கு அபராதம் போட வேண்டும், அணைத்துவிட்டு நிற்கிறவனை விட்டுவிட வேண்டும். இத்தனை நாள் தலைகீழாகச் செய்திருக்கிறார். இதை அவருக்கு முகச்சவரம் செய்யும்போது மாப்பிள்ளை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் மாற்ற இரண்டு அரசாங்கமும் கடன் கொடுக்க வேண்டும். காற்று இருவருக்கும் பொது என்றால் செலவும் பொது. ஜல்லி லாரிக்காரர்கள் இதற்கு எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். என்னைத் திட்டிவிட்டுப் போடட்டும், பரவாயில்லை. மனுவை நான் எழுதுவேன். தலைவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அங்கே போய்ப் பேசக் கூடாது.

பெட்டிக்காரப் பெண் பெட்டியைக் கழற்றக் கூடாது. தீர்ப்பு வந்ததும் கழற்றிவிடுகிற பழக்கம் அரசாங்கத்துக்கு உண்டு.

நீ உடம்புக்கு ஏதாவது என்றால் கடிதத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். பொத்தானெல்லாம் இரண்டாம் பக்கம். டாக்டரிடம் போவதற்கு மாப்பிள்ளை இருமலை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கூட்டிப் போக வேண்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆகஸ்டு முதல் தேதி காலை கேட்டில் முதல் வண்டியாக மகாராணியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். கருவியை வைத்துப் பார்த்து, தேறாது என்று சொல்லி, அதே அதிகாரி என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு அடுத்ததாக ஜல்லி லாரியைக் கூப்பிட வேண்டும். அதே கருவியை வைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, அதையும் திருப்ப வேண்டும். வரிசை மாறக் கூடாது. அது திரும்பும் வரைக்கும் நான் ஓரமாக நின்று பார்ப்பேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு.

அண்ணன்